முந்நூற்று எழுபத்தைந்து குதிரை பூட்டிய மாப்பிள்ளை

பழைய அமெரிக்கக் கார் எதைச் சொன்னாலும் அதன் குதிரைவலுவைத் தூக்கத்திலும் சொல்வேன். ஒன்றையும் ஓட்டியதில்லை, எல்லாம் கைத்தொலைபேசி வீடியோ தந்த ஞானம். கிரான் ஊரில் எனக்குப் பெண் பேசியதும், அவளிடமும் போனில் இதையே ஓதினேன்.

"அந்தக் காலத்துக் கொம்பனிக்காரர் ஃபேன், சைலன்சர் எல்லாத்தையும் கழட்டிப்போட்டு, எஞ்சினை மட்டும் தனிய வச்சு அளந்தவங்க. சொல்ற கணக்கில கொஞ்சத்தைக் கழிச்சாத்தான் உண்மை."

"ஓம், ஓம்" என்று பொறுமையாகக் கேட்டாள்.

எங்கள் பக்கத்தில் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடும் அப்படியொரு கார் இருந்தது. எட்டு சிலிண்டர், முந்நூற்று எழுபத்தைந்து குதிரை. பெண் வீட்டார் என்னை ஏற்றிவர வான் வண்டி அனுப்புகிறோம் என்றதும் எனக்கு ரோசம் வந்துவிட்டது. "அந்தக் காரில இருபத்தஞ்சு நிமிசத்தில வந்து நிப்பன்" என்று அவளிடம் சவால் விட்டேன். அடுத்த கிழமை அழைப்பிதழ் வந்தது. முகூர்த்தம் பத்து மணி மட்டும் என்றிருந்தது, பத்தைத் தாண்டினால் போச்சு.

அன்று ஒன்பதேகாலுக்குத்தான் புறப்பட்டேன். அதற்கு முன் புறப்படுவது காருக்கு அவமானம் அல்லவா?

வாவிப் பாலத்து ஏற்றத்திலேயே கார் இருமத் தொடங்கியது. செங்கலடியில் ஓர் ஆட்டோ எங்களை முந்தியது. என் கல்யாணத்துக்குப் போகிற மேளக்காரர்கள்! தவில்காரர் கைகாட்டிவிட்டுப் போனார்.

காரின் சொந்தக்காரர்தான் ஓட்டிவந்தார். "அண்ணே, முந்நூற்றெழுபத்தஞ்சு குதிரையும் எங்க?" என்று கத்தினேன்.

"அந்த எஞ்சின் வீட்டில கிடக்கு தம்பி, கோழிக்கூட்டுக்குக் கீழ. இது வான் எஞ்சின், டீசல். பெற்றோல் விக்கிற விலைக்கு எட்டு சிலிண்டருக்கு ஆர் ஊத்துற?"

எனக்கு அழுகை வந்தது. தலைப்பாகையோடு அழுதால் ஊர் சிரிக்கும் என்று அடக்கிக்கொண்டேன். வாழ்நாள் முழுக்க மாமனார் வீட்டில் இதைச் சொல்லிக்காட்டுவார்களே என்ற பயம் வேறு.

கோயில் வாசலில் இறங்கும்போது மணி பத்தைத் தாண்டிப் பதினொரு நிமிடம். வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆனால் உள்ளே ஒருவரும் பதறவில்லை. மேளக்காரர்கள் ஆறுதலாகத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவளைக் கொண்டுவந்து பக்கத்தில் இருத்தியதும், "முகூர்த்தம் முடிஞ்சிட்டே" என்று முணுமுணுத்தேன்.

அவள் குனிந்த தலை நிமிரவில்லை. "பத்தரை மட்டும் இரிக்கு. கல்யாணக் காட் அடிக்கக் குடுத்தது நான்தான். நீங்க இருபத்தஞ்சு நிமிசம் எண்டு சொன்னீங்க, அதான் அரை மணித்தியாலத்தைக் கழிச்சு அடிப்பிச்சன்."