மூன்றாவது புளியங்கொட்டை

என் மகளின் வயிற்றில் அன்று நான் பார்த்த வெள்ளைப் புள்ளி புளியங்கொட்டையா, வெறும் காற்றா? இன்று வரை தெரியவில்லை. இத்தனைக்கும் அதைக் காட்டிய ஸ்கேன் பெட்டியை வடிவமைத்தவர்களில் நானும் ஒருத்தி.

குரோம்பேட்டையில் நான்கு பேர் வேலை செய்யும் சிறு பட்டறை எங்களுடையது. டார்ச் லைட் பாட்டரியில் ஓடும், வீட்டிலேயே வயிற்றுக்குள் எட்டிப் பார்க்க உதவும், டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டி ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறோம். அதைச் சோதிக்க நானே வயிறு செய்வேன். ஜெல்லி இனிப்புக்குப் போடும் சைனா கிராஸைக் காய்ச்சி, சதை போலத் தெரிய, மலச்சிக்கலுக்குக் குடிக்கும் இசப்கோலைத் தூவி, பித்தப்பைக் கல்லுக்குப் பதிலாக மூன்று புளியங்கொட்டைகளைப் புதைத்து, டப்பாவில் ஊற்றி வீட்டு ஃபிரிட்ஜில் வைப்பேன். டப்பாவின் மேல் எதுவும் எழுதி ஒட்டியதில்லை. அது என் தப்பு.

ஒரு சனிக்கிழமை மதியம் தாம்பரம் வீட்டுக்குத் திரும்பினால், கூடுவாஞ்சேரி நாத்தனார் வந்திருந்தாள். டப்பா பாதி காலி.

"அண்ணி, சைனா கிராஸ்ல சர்க்கரை போட மறந்துட்டீங்களே! ரோஸ் எசன்ஸ் ஊத்திக் குடுத்தேன். பாப்பா ரெண்டு துண்டு சாப்ட்டா."

மீதியைப் பிசைந்து தேடினேன். இரண்டு கொட்டைகள்தான் இருந்தன. மகளுக்கு மூன்று வயது. "கொட்டையை முழுங்கினியா?" என்றால் "ஆமா" என்றாள். "முழுங்கலையா?" என்றால் அதற்கும் "ஆமா."

பெட்டி என் கைப்பையில் இருந்தது. அவள் வயிற்றில் தேங்காய் எண்ணெய் தடவி வைத்துப் பார்த்தேன். உள்ளங்கை அகலத் திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி. "கூசுதும்மா!" என்று அவள் சிரித்ததும் புள்ளி ஓடியது. பாட்டரி தீர்ந்தது. கணவர் தன் டிரான்சிஸ்டரிலிருந்து கழற்றிக் கொடுத்தார். அப்போது கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்ததைப் பிற்பாடு பலமுறை நினைவூட்டினார்.

"ஐயோ, இப்ப ரெண்டு இருக்கு!"

"கொட்டை குட்டி போட்டுடுச்சா?" என்றார் அவர்.

குடலில் இருக்கும் காற்றும் அப்படித்தான் வெள்ளையாகத் தெரியும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடி டாக்டரிடம் ஓடினேன்.

"இருமினாளா? வாந்தி எடுத்தாளா?"

"இல்ல டாக்டர்."

"தானா வெளிய வந்துடும்மா. வயித்து வலி வந்தா கூட்டிட்டு வாங்க. கொட்டையோட வேற என்ன சாப்ட்டா?"

"இசப்கோல்."

"அப்ப வைத்தியத்தையும் நீங்களே முடிச்சிட்டீங்க!"

மூன்று நாள் காலையில் குச்சியும் கையுமாகக் காத்திருந்தேன். கொட்டை வரவில்லை. மகள் ஒரு குறையுமில்லாமல் ஓடி ஆடினாள். மூன்று போட்டேனா, இரண்டுதானா என்று இப்போது எனக்கே சந்தேகம்.

பட்டறையில் ஒரு முடிவை என்னிடம் விட்டிருக்கிறார்கள். திரையை எடுத்துவிட்டு, டாக்டரிடம் போகச் சொல்லும் சிவப்பு விளக்கு ஒன்றை மட்டும் வைத்தால் பாட்டரி பல நாள் வரும். திரை இருந்தால் என்னைப் போன்றவர்கள் பிள்ளையின் வயிற்றைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டோம். விளக்கு மட்டும் என்றால், அது எரியாதபோது பழுதாகிவிட்டதோ என்று பயந்து டாக்டரிடம் ஓடுவோம். பிள்ளை வளர்த்தவர்கள் யோசித்துச் சொல்லுங்கள்: திரையா, விளக்கா?