அணைக்கத் தெரிந்தவன்

போன ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரம் போயிருந்தேன். நண்பன் எத்திராஜ் வீட்டில் காபி கேட்டேன். பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு ஓட்டலுக்குக் கிளம்பினான்.

அப்புறம்தான் உறைத்தது. அந்த வீட்டில் அடுப்பே கிடையாது. ஸ்டவ் இல்லை, தீப்பெட்டி இல்லை. பெருமாள் படத்துக்கு முன்னால்கூட விளக்கு இல்லை... ஒரு சின்னச் சிவப்பு பல்பு, அவ்வளவுதான்.

எத்திராஜ் திருப்புட்குழிக்காரன். விவசாயக் குடும்பம். காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். சில வருஷங்களுக்கு முன்னால் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு சிறுவர் பத்திரிகையில் மாயாஜாலத் தொடர்கதை பண்ணினோம். எழுத்து நான், படம் அவன். கதையில் ஒரு கற்பனை தேசம். பஞ்சபூதங்களில் ஆளுக்கு ஒன்றை ஆட்டிவைக்கிற ஐந்து மந்திரவாதிகள்.

மண்ணிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றான் எத்திராஜ். ஏகாம்பரநாதர் மண் லிங்கமாயிற்றே, ஊர்ப் பெருமையை விடுவானா?

ஆனால் அந்த மந்திரங்களுக்குச் சட்டம் போட்டது நாங்கள் இல்லை. அவன் மனைவி கஸ்தூரி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். நாள் முழுக்க ஊரார் பேச்சைக் கேட்டுக் கேட்டு, யார் புளுகினாலும் கண்டுபிடித்துவிடுகிற காது. நான் எழுதிய முதல் அத்தியாயத்தில் மந்திரவாதி கையை நீட்டினால் மலை நகரும். படித்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"சும்மா கெடைக்கிற மந்திரத்துல கதை எங்கண்ணா இருக்குது?" என்றாள்.

அதோடு என் மலை நின்றுவிட்டது. ஒவ்வொரு மந்திரத்துக்கும் ஒரு விலை என்று ஆயிற்று. மண்ணை அசைக்கிறவனுக்குக் கால் கனத்துக்கொண்டே போகும், கடைசியில் ஊரை விட்டு நகர முடியாது. தண்ணீரை அழைக்கிறவனுக்குத் தெரிந்த முகம் ஒன்று மறந்துபோகும். (பாலாற்றுக்கு இப்படி ஒருத்தரை அனுப்பினால் தேவலை என்று சிரித்தாள்.) காற்றை ஏவுகிறவனுக்குக் குரல் தேயும். ஆகாயத்தில் போகிறவனுக்குச் சாப்பாட்டில் ருசி தெரியாது.

தீக்கு மட்டும் ஒன்றும் அமையவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

கதை சூடு பிடித்தது. பிள்ளைகள் கார்டு கார்டாக எழுதினார்கள். நான்கு பூதங்கள் வந்து போயின.

ஒருநாள் காலை. டியூட்டிக்குக் கிளம்புகிற அவசரத்தில் கஸ்தூரி ஸ்டவ்வுக்குப் பம்ப் அடித்திருக்கிறாள். வெடித்துவிட்டது. கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த எத்திராஜ் ஈரத் துண்டோடு ஓடி வந்து, கையாலேயே அடித்து அணைக்கப் பார்த்திருக்கிறான். ஆஸ்பத்திரியில் சில நாள் பேசிக்கொண்டிருந்தாள். பிறகு பேசவில்லை.

பத்திரிகையில் தொடரை நிறுத்தி வைத்தார்கள். கொஞ்ச காலம் பொறுத்துவிட்டு ஆசிரியர் ஐந்தாவது மந்திரவாதி எங்கே என்று கேட்டார். அவர் தொழில் அது. நான் காஞ்சிபுரம் போனேன். எத்திராஜின் வலது கைத் தோல் சுருங்கிப் பளபளத்தது. தீயே வேண்டாம், நான்கு பூதத்தோடு முடித்துவிடலாம், ஆசிரியரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன்.

"கதையில வுட்டுட்டா தீயே இல்லன்னு ஆயிடுமாபா?" என்றான்.

அவனே பிறகு மெதுவாகச் சொன்னான்.

"எழுது. ஆனா கொளுத்துறவன் வேணாம். அணைக்கிறவனா எழுது. எங்க எரிஞ்சிக்கினு இருந்தாலும் அவன் போய் நின்னா அணையணும்."

அவன் கொடுக்க வேண்டிய விலை என்ன என்று கேட்டேன். கதைக்காரனின் வாய்... கேட்டுவிட்டது.

"அவனுக்கு மட்டும் வெலை வேணாம்பா. சும்மா அணையட்டும்."

கஸ்தூரி இருந்திருந்தால் அந்த அத்தியாயத்தை என் முகத்திலேயே திருப்பி எறிந்திருப்பாள். ஆனாலும் அவன் சொன்னபடியேதான் எழுதினேன்.

பிள்ளைகள் விடுவார்களா? மற்ற நான்கு பேரும் கஷ்டப்பட்டார்களே, இவனுக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. சட்டம் என்று வந்துவிட்டால் பிள்ளைகளைப் போலக் கறாரான நீதிபதி கிடையாது. இலவச மந்திரம் உள்ளே வந்ததும் கதையில் சண்டை போச்சு, பயம் போச்சு. எது எரிந்தாலும் அவன் வந்து நிற்பான், அணைந்துவிடும். சீக்கிரம் முடியுங்கள் என்றார் ஆசிரியர். முடித்தேன்.

அந்த அத்தியாயத்துக்கு எத்திராஜ் ஒரு படம் போட்டிருந்தான். சுருங்கிய விரல்களுக்கு நடுவில் பிரஷ்ஷைச் செருகி, நாள் கணக்கில் உட்கார்ந்து போட்ட படம். அணைந்த நெருப்பு, கொஞ்சம் புகை, அதற்குப் பின்னால் ஒரு பெண் நிற்கிறாள். முகம் அச்சு அசல் கஸ்தூரி. காதில் எக்ஸ்சேஞ்ச் ஹெட்போன்கூட இருந்தது. கற்பனை தேசத்தில் டெலிபோன் ஏது? அப்படியே அச்சுக்கு அனுப்பினேன்.

இதழ் வந்ததும் நானே எடுத்துக்கொண்டு போனேன். மட்டமான காகிதம். மை அப்பிக்கொண்டு முகம் இருந்த இடம் முழுக்கக் கறுப்பு. அதை எப்படி அவன் கையில் கொடுத்தேன் என்று தெரியவில்லை.

எத்திராஜ் ஜன்னல் பக்கம் திருப்பி ரொம்ப நேரம் பார்த்தான்.

"பரவால்லபா. நின்னுக்கினு இருக்கிறா பாரு" என்றான்.

ஒரு கதையிலிருந்து இதற்கு மேல் வேறென்ன கேட்க முடியும், சொல்லுங்கள்!