வீட்டில் ஒரே மொழி

ஆழ்வார்பேட்டையில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் சாருலதாவுக்கு இரண்டு அறைகள். பேச்சு வரத் தாமதமாகும் குழந்தைகளைப் பேசவைப்பது அவள் தொழில். இருபத்திரண்டு வருஷமாக அதைத்தான் செய்கிறாள். ஒரு அறையில் சோப்புக் குமிழி ஊதுவதும், கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து உதட்டைக் குவிப்பதும் நடக்கும். இன்னொரு அறையில் அம்மாக்கள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். ஒரு குழந்தை உதடு சேர்த்து ‘ம்மா’ என்றுவிட்டால் போதும், நாற்பத்தாறு வயசு என்றும் பார்க்காமல் சாருலதா துள்ளிக் குதிப்பாள். நல்லவள்தான். கைராசிக்காரி என்ற பெயர் வேறு. அந்தப் பெயர்தான் அவளைக் கெடுத்தது. ஊருக்கெல்லாம் வாய் திறந்துவிடுகிறவளுக்குத் தன் தப்பைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

தப்பு இதுதான். முன்பெல்லாம் எந்தப் பெற்றோர் வந்தாலும் ‘வீட்டில் ஒரே மொழி பேசுங்கள்’ என்பாள். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் என்றால் வீட்டிலும் இங்கிலீஷ். இரண்டு மொழி காதில் விழுந்தால் குழந்தை குழம்பிவிடும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், அவளும் கேள்வி கேட்காமல் நம்பினாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அடையாறில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போனபோதுதான் அது சுத்தத் தப்பு என்று தெரிந்தது. இரண்டு மொழி கேட்பதால் எந்தக் குழந்தைக்கும் பேச்சு தாமதமாவதில்லை. அம்மாவுக்குத் தாராளமாக வருகிற மொழியைக் கேட்டுத்தான் குழந்தை வளர வேண்டும். அதைக் கேட்டதும் சாருலதாவுக்கு நினைவுக்கு வந்த முகம் தேசம்மாவுடையது.

தேசம்மா கடற்கரையோரம் லூப் ரோட்டில் மீன் விற்கிறவள். பத்து வருஷத்துக்கு முன்னால் மூன்று வயது மகன் நந்தகுமாரை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் வந்தபோது, “எந்த ஸ்கூல்ல சேர்க்கப் போறீங்க?” என்று கேட்ட சாருலதா, “உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா?” என்று கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. வழக்கமான ஆலோசனையைச் சொல்லி அனுப்பிவிட்டாள். பையன் ஒரு வருஷத்தில் பேசிவிட்டான், தேசம்மாவும் வருவதை நிறுத்திவிட்டாள்.

தப்பு தெரிந்த பிறகு, போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று சாருலதா நினைத்தாள். ஆழ்வார்பேட்டையிலிருந்து லூப் ரோடு என்ன சீமையிலா இருக்கிறது? ஆட்டோவில் கால் மணி நேரம். நவராத்திரி முடியட்டும் என்றாள், மார்கழி போகட்டும் என்றாள். நாம் சொன்னதையெல்லாம் யார் அப்படியே கடைப்பிடித்திருப்பார்கள் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள். ஒருமுறை அந்தப் பக்கம் போகும்போது மீன் வாங்குகிற கூட்டத்தில் ஆட்டோ நின்றுவிட்டது. பத்தடி தூரத்தில் தேசம்மா. சாருலதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று இரண்டு வேளை சாப்பாடு இறங்கவில்லை, ஆனாலும் சொல்லவில்லை.

போன மாதம் ஒரு காலை, தேசம்மாவே மாடியேறி வந்து நின்றாள். கையில் இரண்டரை வயதுப் பெண் குழந்தை.

“மேடம், என்ன ஞாபகம் கீதுங்களா? நந்தகுமார் அம்மா. எட்டாவது படிக்கிறான் மேடம், இங்கிலீஷ்ல பொளந்து கட்றான். எல்லாம் நீங்க போட்ட பிச்சை.”

சாருலதா குழந்தையின் பக்கம் குனிந்தாள். “பாப்பா பேரு என்ன?” என்று பேச்சை மாற்றினாள்.

“டயானா. பேராவது இங்கிலீஷா இருக்கட்டும்னு வெச்சேன். இவளும் வாயே தொறக்க மாட்டேன்றா மேடம். நான் ஒரு கொறையும் வெக்கல. இவ பொறந்த அன்னிலேர்ந்து இங்கிலீஷ்தான். தமிழ்ல ஒரு வார்த்த சொன்னதில்ல.” நிரூபிக்கிற மாதிரி குழந்தையிடம் திரும்பினாள். “கம். சிட். ஈட். நோ. ஸ்லீப். குட் கேர்ள்.” பிறகு வெட்கத்தோடு சிரித்தாள். “அவ்ளோதான் எனக்குத் தெரியும்.”

“நந்தகுமார்கிட்ட?”

“அவன் குப்பத்துல எல்லார்கிட்டயும் தமிழ்ல பேசிகினு திரியறான். நான் மட்டும் பேச மாட்டேன். நான் தமிழ்ல பேசப்போயி, வந்த பேச்சு திரும்பப் போயிட்டா இன்னா பண்றது?”

லூப் ரோட்டையே கூப்பிட்டு வியாபாரம் செய்கிற குரல், பத்து வருஷமாக வீட்டுக்குள் ஏழெட்டு வார்த்தையோடு கிடந்திருக்கிறது. யார் கடைப்பிடிப்பார்கள் என்று சாருலதா கேட்டாளே, இதோ ஒருத்தி கடைப்பிடித்திருக்கிறாள்.

அப்போதும் சாருலதா நழுவத்தான் பார்த்தாள். “இப்ப முறை மாறிடுச்சு தேசம்மா. இனிமே பாப்பாகிட்ட தமிழ்லயே பேசுங்க, நிறைய பேசுங்க” என்றாள், பஸ் ரூட் மாறிவிட்டதைச் சொல்கிற மாதிரி.

“சரி மேடம். பெரியவனுக்கு அது சரியாத்தான இருந்துச்சு?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. தேசம்மா கும்பிடு போட்டுவிட்டுப் போயிருப்பாள். அந்த வார்த்தை நாக்கு வரை வந்துவிட்டது.

“இல்ல” என்றாள் சாருலதா. “அப்பவும் தப்புதான். நான் உங்களுக்குத் தப்பா சொல்லிட்டேன். நீங்க தமிழ்ல பேசியிருந்தாலும் அவன் பேசியிருப்பான்.”

தேசம்மா குழந்தையின் தலையைக் கோதிக்கொண்டே இருந்தாள். திட்டுவாள் என்று சாருலதா காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது.

“அவங்கப்பா கடலுக்குப் போனவரு திரும்பல மேடம்” என்றாள் தேசம்மா. “வீடே அழுதுகினு கீது. இவன் என்னாண்ட வந்து நின்னு மூஞ்சியப் பாக்கறான். நான் ‘டாடி நோ கம்’னேன். அதுக்கு மேல எனக்கு இங்கிலீஷ் வரல. அவன் போயி ஒரு ஓரமா குந்திகினான்.”

சாருலதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. “எப்ப?”

“ரெண்டு வருஷம் ஆவுது.”

இரண்டு வருஷம். அதற்கு மூன்று வருஷம் முன்பே சாருலதாவுக்கு எல்லாம் தெரியும். அதை இப்போது யாரும் கேட்கவில்லை, சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதும் இல்லை. ஆனால் இதையும் விழுங்கினால் இனி எந்தக் குழந்தையின் முகத்தில் விழிப்பது?

“தேசம்மா, நான் சொன்னது தப்புன்னு எனக்குத் தெரிஞ்சே அஞ்சு வருஷம் ஆச்சு.”

தேசம்மா நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. கணக்கு புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

“வந்து சொல்லியிருக்கலாமே மேடம்” என்றாள். “நான் தெனம் அங்கதான குந்திகினு இருந்தேன்.”