அவள் கத்தாமல் இருந்த ஐந்து நாட்கள்

மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் நான் லைன் சூப்பர்வைசர். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த முத்துச்செல்வி என் லைனில் டெய்லர். பரம சாது. அப்படிப்பட்டவள் ஒரு மாதமாக எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தாள். ஒருநாள், தையல் சரியில்லை என்று திருப்பிக் கொடுத்த செக்கிங் பெண்ணின் முகத்திலேயே பனியனை விட்டெறிந்தாள். அடுத்த நிமிடம் தேம்பித் தேம்பி அழுதாள்.

"இன்னொருக்கா கத்துனீன்னா ஊட்டுக்குப் போயிரு கண்ணு. எனக்கு ஆளா கெடைக்காது?" என்று லைன் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

மறுநாளிலிருந்து அவள் சத்தமே இல்லை. "இப்பத்தான் நல்ல புள்ள" என்று முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

ஐந்தாம் நாள் வலிப்பு வந்து மிஷினிலிருந்து விழுந்தாள். ஆஸ்பத்திரியில் நெற்றிக்குக் கட்டுப் போட்ட பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"வலிப்புன்னா மிஷின்ல உட்கார விடமாட்டீகன்னு மறைச்சேன்க்கா. புது மாத்திரை போட்டதுலேர்ந்து கோவம் கோவமா வந்துச்சு. நீங்க சொன்ன அன்னைக்கே நிப்பாட்டிட்டேன்."

"கோபம் வருதுன்னு எங்கிட்டச் சொல்லியிருந்தா மருந்தை மாத்தித் தந்திருப்பேனே. நீயா நிறுத்தலாமா?" என்று அந்த மாத்திரையை எழுதிக்கொடுத்த டாக்டர் அவளைத் திட்டினார். அவள் தலைகுனிந்துகொண்டாள்.

அந்தத் திட்டு எனக்கு விழவேண்டியது. லைன் முழுக்கக் கேட்கப் பேசிய நான், அப்போது வாயே திறக்கவில்லை.