எந்தப் படம்?

எங்கள் குடியிருப்பில் வேதாவைத் தெரியாதவர்கள் கிடையாது. அவள் பாட்டு எழுதுவாள் என்று தெரிந்தவர்கள்தான் கிடையாது. அப்படித் தெரிந்த ஓரிருவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "எந்தப் படத்துக்கு?" இதைக் கேட்டுக் கேட்டே எனக்கு ரத்தக்கொதிப்பு வந்துவிட்டது. பாட்டென்றால் அதற்கு ஒரு படம் இருந்தாக வேண்டும், எவனாவது ஒரு கதாநாயகன் வாயசைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் நம் ஆட்களுக்குக் காதே கேட்காது.

சேலையூர் கேம்ப் ரோட்டுப் பக்கம் எங்கள் குடியிருப்பு. வேதா எனக்கு மேல் வீடு. பொத்தேரியில் ஒரு கல்லூரியின் ஹாஸ்டல் ஆபீசில் வேலை. சாம்பாரில் உப்பில்லை, குளியலறையில் தண்ணீர் இல்லை என்று பிள்ளைகள் சொல்லும் புகாரை நாளெல்லாம் கேட்டுவிட்டு, சாயங்காலம் செங்கல்பட்டிலிருந்து வரும் ரயிலில் ஏறுவாள். பாட்டு பிறப்பது அங்கேதான். சும்மா முணுமுணுத்தால் பைத்தியம் என்பார்கள் என்று, யாரிடமோ பேசுவதுபோல் போனை வாயருகே வைத்துக்கொண்டு மெட்டைப் பதிவு செய்வாள். பெண்கள் பெட்டியில் பாதிப்பேர் அவள் புருஷனோடு சண்டை போடுவதாகவே நினைத்திருந்தார்கள்.

அந்தப் புருஷன் உமேஷ் சண்டைக்கு வருகிற ஆளே இல்லை. "அவளுக்கும் பொழுது போகணும் இல்லையா?" என்று என்னிடமே சொன்னான். காலையில் இரண்டு டப்பா கட்டிக்கொடுத்து, ரயிலில் நின்றுகொண்டே போய்வந்து, ராத்திரிக்கு மாவும் அரைத்து வைக்கிறவளுக்குப் பொழுது போகவில்லையாம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் கொடுத்த காபியைக் குடிக்காமலே இறங்கி வந்துவிட்டேன்.

கோவிலம்பாக்கத்தில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே சின்ன ஸ்டூடியோ இருக்கிறது. கோயில் திருவிழா அறிவிப்பும், பள்ளிக்கூட அட்மிஷனுக்கு ஆட்டோவில் கட்டிக்கொண்டு போகும் விளம்பரமும் பதிவு செய்கிற இடம். அங்கேதான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பாடி, 'மழைநாள் துணி' என்ற ஆல்பத்தை முடித்தாள். எழுத்து, மெட்டு, குரல் எல்லாம் அவளே. போன தீபாவளிக்கு இணையத்தில் வெளியிட்டு, எங்கள் வாட்ஸப் குழுவிலும் போட்டாள். மூன்று கட்டை விரல்கள் வந்தன. அதற்குக் கீழே லிஃப்ட் ரிப்பேர் பற்றிய சண்டை ஆரம்பமாகிவிட்டது.

நான் தரையைத் துடைத்துக்கொண்டே கேட்க ஆரம்பித்தேன். மூன்றாவது பாட்டில் மாப்பை ஓரமாகச் சாத்திவிட்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் லாரிக்காகக் காத்திருக்கும் பெண்களைப் பற்றி ஒரு பாட்டு, அதில் ஒரு சொல்கூட அழவில்லை. அந்தப் பெண்கள் ஊர் வம்பு பேசிச் சிரிக்கிறார்கள், நம்மால்தான் சிரிக்க முடியவில்லை. இன்னொன்றில் பின்னால் டைல்ஸ் அறுக்கும் சத்தம் லேசாகக் கேட்கும். அதையும் தாளத்துக்குள் இழுத்துப் போட்டிருக்கிறாள், கெட்டிக்காரி. கடைசிப் பாட்டு ஐப்பசி அடைமழையில் துணி காயப்போடுவது.

"காய்ஞ்சிருச்சுன்னு மடிச்சு வெச்சேன்,
மடிப்புக்குள்ள ஈரம்."

இவ்வளவுதான் வரி. என் அம்மா இறந்துபோன வருஷத்தை இதைவிட நன்றாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

"வித்யா, ஒரே ஒரு தடவை, என் பேரைச் சொல்லி, என் பாட்டை நாலு பேர் முன்னாடி பாடணும்டி. வேற ஒண்ணும் வேணாம்" என்றாள் வேதா. பொங்கல் விழா வந்தது. எங்கள் விழாவில் எல்லாரும் கரோக்கி டிராக்கைப் பென் டிரைவில் கொண்டுவந்து சினிமாப் பாட்டுத்தான் பாடுவார்கள். படத்தின் பெயரைச் சொல்லாமல் எந்தப் பாட்டும் மேடையேறியதில்லை.

சவுண்டு சர்வீஸ் கேசவன் கையை நீட்டினான். "இன்னாக்கா, டிராக் இல்லியா? சும்மாவா பாடப் போறே?"

"சும்மாதான்" என்றாள்.

தொகுத்து வழங்கிய பையன் ஹரிபிரசாத், "எந்தப் படம் ஆன்ட்டி?" என்றான். "என்னோட பாட்டுப்பா. என் பேரைச் சொல்லு" என்றாள். தலையாட்டிவிட்டு மைக்கில் போய், "அடுத்து, ஒரு பழைய படத்திலிருந்து மறந்துபோன அருமையான பாடல்!" என்று முழங்கினான். சொந்தப் பாட்டு என்றால் கூட்டம் எழுந்து சாப்பிடப் போய்விடுமாம். அவன் கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்றிருந்தது எனக்கு.

வேதா கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். 'மடிப்புக்குள்ள ஈரம்' வந்தபோது சாப்பிடப் போக எழுந்தவர்கள்கூட மறுபடி உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் சாம்பசிவன் சார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். பாட்டு முடிந்ததும் எழுந்து நின்றார்.

"இந்தப் படத்த என் சம்சாரத்தோட பல்லாவரத்துல பார்த்தேம்மா. அந்தக் காலத்துப் பாட்டு அந்தக் காலத்துப் பாட்டுதான். இப்ப எவன் இப்படி எழுதறான்?"

கைதட்டல் காதைப் பிளந்தது. யாருக்கோ போய்ச்சேர்ந்த கைதட்டல். வழக்கம்போல் சிரித்துவிட்டு இறங்கிவிடுவாள் என்று நினைத்தேன். இறங்கவில்லை.

"சார், அப்படி ஒரு படமே இல்ல. இது நான் எழுதினது. மெட்டும் நான் போட்டதுதான்."

தட்டிய கைகள் நின்றன. சாம்பசிவன் சார் உட்கார்ந்தார். "அதானே பார்த்தேன். நடுவுல எங்கேயோ கொஞ்சம் இடிச்சுது" என்றார். கண் இன்னும் காயவில்லை, அதற்குள் இடித்துவிட்டதாம்! பின்வரிசையில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. செயலாளர் ஸ்ரீநிவாசராகவன் மேடையேறி, நல்ல பிள்ளைபோல் மைக்குக்குக் கையை நீட்டினார். "நல்ல முயற்சி மேடம், நல்ல முயற்சி. தொடர்ந்து செய்யுங்க."

வேதா மைக்கைக் கொடுக்கவில்லை.

"முயற்சி இல்ல சார், பாட்டு. இப்ப சாம்பசிவன் சார் அழுதாரே, அது முயற்சியக் கேட்டு இல்ல." மேடை ஓரத்தில் நின்ற பையன் பக்கம் திரும்பினாள். "ஹரி, இங்க வா. எழுதி, இசையமைத்து, பாடுறது வேதா. சொல்லு."

அவன் செயலாளரைப் பார்த்தான். பிறகு சொன்னான். தட்டியது நான் ஒருத்திதான். அதற்குக்கூட அவள் காத்திருக்கவில்லை. பந்திக்குப் போய்க்கொண்டிருந்தவர்களின் முதுகைப் பார்த்தபடியே தண்ணீர் லாரிப் பாட்டை ஆரம்பித்துவிட்டாள்.