தையல் இல்லாத இருக்கை

வண்டி ஒரு மரத்தில் மூக்கை முட்டிக்கொண்டு நிற்கிறது. திரையின் மூலையில் நொடிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. பின்னால் எடுத்துத் திருப்பிப் பாதைக்கு வர வேண்டியவர், கையிலிருக்கும் கன்ட்ரோலரின் குமிழைத் தள்ளி, தலையை மட்டும் திருப்புவது போலத் திரையில் தெரியும் பக்கத்துக் கதவைப் பார்க்கிறார்.

“பாரேன் மாப்ள. கதவுக்கு ஒரு துண்டுத் துணி ஒட்டலை. வெறும் தகரம்.”

“அப்பா, ரோட்டைப் பாருங்கப்பா,” என்கிறாள் மகள்.

“ரோடு எங்க போயிடப் போகுது? அங்கேயேதான் இருக்கும்.”

இவர் என் அக்கா கணவர். கார்களுக்கு இருக்கை உறை தைக்கிற குஷன் கடை வைத்திருக்கிறார். ரெக்சினும் பசையும் கலந்த வாசனை அவருக்கு முன்னால் வீட்டுக்குள் நுழையும். ஆட்களின் முகம் அவர் மனதில் நிற்பதில்லை, இருக்கைதான் நிற்கும். தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் திருதிருவென்று விழிப்பார். நாலு கடை தாண்டியதும் நெற்றியில் அடித்துக்கொண்டு, “அட, பின்சீட்டு முழுக்க நாய் முடியோட வருவாரே, அவரு!” என்று திரும்பி ஓடி நலம் விசாரிப்பார்.

டிவியில் மாட்டிக் கார் ஓட்டி ஆடும் இந்த விளையாட்டுப் பெட்டி மகளுடையது. படிப்பை முடித்து வேலைக்குப் போகிறவள், அலுப்புத் தீர வாங்கி வைத்தாள். வயரைச் செருக உதவப் போன அப்பா அப்படியே உட்கார்ந்தவர்தான். சோபாவில் அல்ல. யாரோ கழற்றிப் போட்டுவிட்டுப் போன கார் முன்னிருக்கை ஒன்றைப் பலகையில் பூட்டி, ஹாலின் நடுவே போட்டிருக்கிறார். உட்கார்ந்ததும் அடியிலுள்ள கம்பியை இழுத்து, கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே நகர்த்தி, முதுகைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டால்தான் ஆட்டம் தொடங்கும். வருகிறவர்களிடம் அக்கா சொல்லுவாள்: “எங்க வீட்லயும் கார் இருக்கு. சீட்டு வந்துடுச்சு, மிச்சம் வந்துக்கிட்டே இருக்கு.”

இந்த ஆட்டத்தில் வண்டியைப் பின்னாலிருந்து பார்த்து ஓட்டுவதுதான் சுலபம். பட்டம் போல மேலே மிதந்துகொண்டே போகலாம். இவருக்கு அது பிடிக்காது. முதல் வேலையாகப் பொத்தானை அழுத்தி உள்ளே போய்விடுவார். “வெளியில என்ன இருக்கு? பெயின்ட்டு. அது பெயின்டருக்கு.”

சேற்றிலும் பனியிலும் காட்டுப் பாதையிலும் ஓடும் ராலிப் பந்தயத்துக்கென்று பிறந்து, பிறகு நம்பர் பலகை மாட்டிக்கொண்டு ஊருக்குள் வந்த வண்டிகள்மேல் அவருக்குத் தனிப் பிரியம். பெட்டி போலச் சதுரமாக ஒன்று. தங்க நிறச் சக்கரங்களோடு நீலமாக ஒன்று; அதன் முதுகில் இஸ்திரி மேசை அகலத்துக்கு ஓர் இறக்கை. எடை குறைய வேண்டுமென்று உள்ளே இருந்த கம்பளம், பாட்டுப் பெட்டி, பின்சீட்டு எல்லாவற்றையும் பிடுங்கியிருப்பார்கள். அதைப் பார்க்கப் பார்க்க இவருக்குப் பெருமை தாங்காது. “எல்லாத்தையும் கழட்டிட்டான் மாப்ள. டிரைவர் சீட்டைக் கழட்ட முடிஞ்சுதா? மனுஷன் உக்காரணும்ல!”

கான்செப்ட் கார்கள் வேறு சாதி. கண்காட்சியில் நிறுத்துவதற்கென்று ஒன்றே ஒன்று செய்வார்கள். தெருப் பக்கமே வராது. ஒன்றில் முன்னிருக்கைகள் பின்பக்கம் திரும்பிக்கொள்ளும். “எல்லாரும் பேசிக்கிட்டே போகலாமாம். வண்டி எங்க போகுதுன்னு யாரு பாக்குறது, உங்க அக்காவா?” என்றார். சிரித்தபடியே சொன்னாலும், அந்த இருக்கை எந்த இடத்தில் மடிந்து திரும்புகிறது என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

வினை வந்தது, ஜெயித்தால்தான் திறக்கும் என்று ஆட்டத்தில் பூட்டி வைத்திருந்த ஒரு வண்டியால். பட்டியலின் கடைசியில் அது வெறும் நிழலாக நின்றது. கீழே இருந்த குறிப்பை மகள் படித்துச் சொன்னாள்: ஒற்றைத் துண்டாய் வார்த்த, தையலே இல்லாத நான்கு இருக்கைகள்.

அவர் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்தார். “தையல் இல்லாமலா? மூலையில எப்படி இழுத்துப் பிடிச்சான்?”

மறுநாள் கடையில் பஞ்சின்மேல் ரெக்சினைச் சுடுகாற்றில் இளக்கித் தையலில்லாமல் போர்த்திப் பார்த்திருக்கிறார். மூலையில் முழங்கைத் தோல் மாதிரி சுருங்கிவிட்டதாம். அன்றிலிருந்து அந்த நிழல் வண்டியின் உள்ளே ஒரு தடவையாவது உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும் என்பது ஒன்றே அவர் நினைப்பு.

அதற்கு ராலித் தொடரின் கடைசிப் பந்தயத்தில் முதலாவதாக வர வேண்டும். மழை பெய்த காடு, கொண்டையூசி வளைவுகள். நீல வண்டியை எடுத்துக்கொண்டு வாரக்கணக்கில் அந்தக் காட்டிலுள்ள மரங்களை ஒவ்வொன்றாக முட்டினார். “குடுங்கப்பா, காபி ஆறுறதுக்குள்ள ஜெயிச்சுத் தரேன்,” என்றாள் மகள். கன்ட்ரோலரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “நாள் பூரா அடுத்தவன் வண்டிக்குள்ளதான் உக்காந்திருக்கேன். இது ஒண்ணுலயாவது நானே போய் உக்காந்துக்கறேனே.”

ராலியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, வரப்போகும் வளைவுகளை முன்கூட்டியே சொல்லுவார். ஆட்டத்திலும் அப்படி ஒரு குரல் உண்டு. அது ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளியது. “சண்டைக்கு வர்ற மாதிரியே பேசுறான்” என்று இவர் அதை அணைத்துவிட்டார். வளைவைக் காட்டும் அம்புக்குறி மட்டும் திரையின் மேலே தோன்றும். அதைப் பார்க்க இவருக்கு ஏது நேரம்?

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா பின்னால் சோபாவில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஸ்கூட்டரில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்தால் வழிநெடுக உத்தரவு போட்டுக்கொண்டே வருவது அவள் வழக்கம். அம்புக்குறியைக் கண்டதும் வாய் சும்மா இருக்கவில்லை. “லெஃப்ட்டு வருது. மெதுவா... மெதுவான்னு சொல்றேன்ல!” இவரும் பழக்கதோஷத்தில் மெதுவானார். மரம் விலகிப் போயிற்று.

“அடுத்து?” என்றார், திரும்பாமல்.

“ரைட்டு. பெரிய வளைவு. இப்பவே ஒதுங்குங்க. கதவைப் பாக்காதீங்க, தெரியும் எனக்கு!”

“அம்மா, இதுக்குன்னே சம்பளம் குடுத்து ஆள் வெச்சிருப்பாங்கம்மா,” என்றாள் மகள்.

“இத்தனை வருஷம் நான் ஓசியில சொல்லிட்டு வந்திருக்கேன் பாரு!” மடித்த துண்டு மடியிலேயே கிடந்தது. அக்காவும் சோபா நுனிக்கு வந்துவிட்டாள். கடைசிக் கொண்டையூசியில் வண்டி பக்கவாட்டில் வழுக்கி, சேற்றை வாரி இறைத்து, எல்லைக்கோட்டைக் கிட்டத்தட்ட குறுக்காகக் கடந்தது. பிறகு திரையில் முதலிடம் என்று வந்தது. மகள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

நிழல் விலகி, வண்டி வெளிச்சத்துக்கு வந்தது. நனைந்த கூழாங்கல் போன்ற வெள்ளி உடம்பு. மேடையில் மெல்லச் சுழன்றது. அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு, உள்ளே போகும் பொத்தானை அழுத்தினார். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அழுத்தினார். வண்டி வெளியிலேயேதான் நின்றது. ஜன்னல்களெல்லாம் கன்னங்கரேல் என்றிருந்தன.

மகள் போனில் தேடிப் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது. “அப்பா... சில வண்டிக்கு ஆட்டத்துல உள்பக்கமே பண்ணலையாம்ப்பா. கண்ணாடியைக் கறுப்பாக்கி விட்டுட்டாங்களாம்.”

“விடுங்க,” என்றாள் அக்கா, மெதுவாக. அந்தக் குரலில் அவள் அவரிடம் பேசி நான் கேட்டதில்லை.

அவர் இருக்கையிலிருந்து எழுந்து டிவி அருகே போனார். “அந்த லைட்டைக் கொஞ்சம் அணைம்மா,” என்றார். மகள் அணைத்தாள். குனிந்து, கதவு தன் பக்கம் சுழன்று வரும்வரை காத்திருந்தார். வந்ததும், இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணோரங்களில் அணையாக வைத்து, நெற்றியைத் திரையோடு ஒட்டிக்கொண்டு உள்ளே பார்த்தார்.