வட்டம் சுற்றும் நேரம்

அந்தக் கட்டடத்துப் பிள்ளைகள் அவளுக்கு ஹெட்போன் அக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். வைத்ததில் தப்பில்லை. கதவைத் திறந்து பால் வாங்கும்போதும் அது கழுத்தில்தான் தொங்கும். ஒரு செல்போன் கம்பெனிக்கு ஆட்கள் போன் போட்டுப் புலம்புவார்கள் அல்லவா, அந்தப் பேச்செல்லாம் பதிவாகும். அதை வீட்டிலிருந்தே கேட்டு, பதில் சொன்ன ஊழியர் மரியாதையாகப் பேசினாரா, நடுவில் கொட்டாவி விட்டாரா, கேட்ட மன்னிப்பை மனசார கேட்டாரா என்று மார்க் போடுவது அவள் வேலை. பகல் முழுக்க ஊரார் சண்டையைக் காதில் வாங்குகிறவள் தன் வீட்டில் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

கம்ப்யூட்டர் கூடத்து மூலையில், பீரோவுக்கும் சன்னலுக்கும் நடுவில் இருந்தது. சன்னலை ஒட்டி மாமியாரின் கட்டில். மிச்சமிருக்கிற இடத்தில் ஒரு ஆள் போனால் இன்னொரு ஆள் ஒதுங்கி நிற்க வேண்டும். கம்ப்யூட்டரோ அரதப்பழசு. ஒரு பேச்சை முடித்து அடுத்ததைத் திறந்தால் திரை நடுவே ஒரு வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். வேறு யாராக இருந்தாலும் தலையில் அடித்துக்கொள்வார்கள். இவளுக்கு உயிரே அந்த வட்டத்தில்தான் இருந்தது.

வட்டம் சுற்றுகிற நேரத்தில் அவள் மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். துணி காயப்போட, காய்ந்ததைத் திருப்பிப்போட, கிளிப் மாட்ட என்று ஏதாவது ஒரு சாக்கு. உண்மையில் அவள் போனது சும்மா நிற்பதற்கு. தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்று ரோட்டில் போகிற லாரிகளைப் பார்ப்பாள். எதிர்க் கட்டடத்தில் ஒருத்தன் பல் தேய்த்துக்கொண்டே போனில் யாரையோ திட்டுவதைப் பார்ப்பாள். அவள் பேச்சுக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று கம்பெனி நினைத்துக்கொள்ளும். வேலையில் இருக்கிறாள் என்று வீடு நினைத்துக்கொள்ளும். இரண்டு பேர் கணக்கிலும் வராத நேரம் அது. நாள் பூராவும் சேர்த்தாலும் ஒருத்தர் நிதானமாகக் குளிக்கிற நேரம்கூட வராது. அதுவும் போனால் தனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவள் நிஜமாகவே நம்பினாள்.

கம்பெனிக்கு மூக்கில் வேர்த்தது. வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் நாற்காலியில்தான் இருக்கிறார்களா என்று பார்க்க ஒரு புரோகிராம் கொண்டுவந்தார்கள். கேமரா முகத்தைப் பார்த்தபடியே இருக்கும். முகம் தெரிந்தால் திரையில் அதைச் சுற்றிப் பச்சைக் கட்டம். முகம் விலகினால் கட்டம் சிவப்பாகும், கொஞ்ச நேரம் அப்படியே இருந்தால் அன்றைய வேலை கணக்கில் ஏறாது. ஆனால் அந்தப் புரோகிராம் புது விண்டோஸில்தான் ஓடும். "எங்க வீட்டு கம்ப்யூட்டர் அதையெல்லாம் தாங்காதும்மா" என்று டீம் லீடரிடம் சொல்லிச் சொல்லியே அவள் ஒரு வருஷத்தை ஓட்டினாள். கேமரா தபாலில் வந்து, பிரிக்காமல் பீரோவின் மேல் கிடந்தது.

கடைசியில் டீம் லீடர் இவளை விட்டுவிட்டுக் கணவனுக்குப் போன் போட்டாள். அவன் எலக்ட்ரீஷியன். ஒயர் இருக்கிற எந்தச் சாமானும் தன் ஆட்சிக்கு உட்பட்டது என்று நினைக்கிற ஆள்.

"ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல? அடுத்த மாசத்துலேருந்து மாத்தலைன்னா வேலையே கிடையாதாமே!"

"நமக்கெதுக்குங்க வீண் வேலை. இருக்கிறது போதாதா?"

"போதுமாவது? அது சுத்துறதப் பாத்தா எனக்கே தலை சுத்துது. நீ எப்படித்தான் பொறுமையா உக்காந்திருக்கியோ!" அவன் குரலில் உண்மையான இரக்கம் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கெட்டவனாக இருந்தால் மல்லுக்கு நிற்கலாம். பாசத்தோடு வந்து கழுத்தில் கயிறு மாட்டுகிறவனிடம் என்னவென்று சொல்வது? மாடிக்குப் போக முடியாதே என்று சொன்னால், 'லீவு அன்னிக்குப் போயேன், யாரு வேணாங்கிறா?' என்பான்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஆரம்பித்துவிட்டான். பெட்டியைக் கழற்றி, உள்ளே படிந்திருந்த தூசியைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, எங்கிருந்தோ வாங்கி வந்த மெமரியைச் செருகி, ஹார்ட் டிஸ்க்கை மாற்றி, புது விண்டோஸை ஏற்ற ஆரம்பித்தான். கேட்கிற கேள்வி எதையும் படிக்கவில்லை. எது வந்தாலும் 'நெக்ஸ்ட்', மறுபடி 'நெக்ஸ்ட்'. திரை நீலமாகி, கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம் என்று சொன்னது. சதவீதம் ஏறிக்கொண்டே போனது.

சுவிட்சு மேஜைக்கு அடியில்தான் இருந்தது. இடையில் கரண்ட் நின்றால் எல்லாம் பாழ் என்று அவனே சொல்லியிருந்தான். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய் மேஜைக்கு அடியில் குனிந்து பெருக்கினாள். பெருக்கிய இடத்தையே திரும்பத் திரும்பப் பெருக்கினாள். ஒரு தட்டு தட்டினால் போதும், தெரியாமல் பட்டுவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். மேலே அவன் சீட்டியடித்துக்கொண்டிருந்தான். நெற்றி வேர்வையைச் சட்டைத் தோளில் துடைத்துக்கொண்டு, "முடிஞ்சிருச்சு, முடிஞ்சிருச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான். அவளுக்குக் கை வரவில்லை. எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

"வா, வந்து கேமரா முன்னாடி உக்காரு!" கேமராவைப் பிரித்து மாட்டி, கம்பெனி புரோகிராமையும் ஏற்றிவிட்டு அவன் கூப்பிட்டான்.

"பால் அடுப்புல இருக்குங்க." அடுப்பில் பால் இல்லை.

"சரி, அம்மா, நீ வந்து உக்காரு. சும்மா கேமரா வேலை செய்யுதான்னு பாக்கணும். ஆடாத, நேரா பாரு. அவ்ளோதான்." நெக்ஸ்ட்.

திங்கட்கிழமை காலை அவள் நாற்காலியில் உட்கார்ந்ததும் கட்டம் சிவந்தது. ஆள் மாறியிருக்கிறார் என்று கம்ப்யூட்டர் சொன்னது. கம்பெனியின் ஏட்டில் ஏறியிருந்த முகம் மாமியாரின் முகம்! கேமரா சோதனை என்று அவன் தட்டியதெல்லாம், இவர்தான் இங்கே வேலை பார்ப்பவர் என்று பதிந்து கொடுத்த நெக்ஸ்ட்டுகள். முகத்தை மாற்ற மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டுமாம்.

"சில நாள் ஆகும்க்கா. அதுவரைக்கும் அவங்களையே உக்கார வைங்க, நீங்க பக்கத்துல இருந்து வேலையப் பாருங்க. நான் கண்டுக்கல" என்றாள் டீம் லீடர். அவளுக்கு முடிக்க வேண்டிய கணக்கு முடிந்தால் சரி.

மாமியாருக்கு முதல் நாள் ஒரே குஷி. தலை வாரி, பவுடர் போட்டு வந்து உட்கார்ந்தாள். "உக்காந்துக்கிட்டே செய்யிற வேலதானே!" என்று இத்தனை வருஷமாகச் சொல்லிவந்தவள், இப்போது உட்கார்ந்தாள். பக்கத்து ஸ்டூலில் மருமகள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கீபோர்டைத் தட்டினாள். சாய்ந்தால் சிவப்பு. சன்னல் பக்கம் திரும்பினால் சிவப்பு. தும்மினால்கூட சிவப்பு.

"ஏண்டி, இது என்ன என்னயவே முறைச்சுக்கிட்டு இருக்கு?"

"அப்படித்தான் அத்தை. ஆடாதீங்க."

மத்தியானத்துக்குள் பவுடர் கலைந்துவிட்டது. மறுநாள் தலைகூட வாரவில்லை.

மருமகளுக்கோ கதவு திறந்தது போல ஆகிவிட்டது. நீளமான பேச்சு ஒன்றை ஓடவிட்டு, "இதோ வந்துர்றேன் அத்தை" என்று மாடிக்குப் போனாள். இனி வட்டம் சுற்றுவதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை, நாற்காலியில் ஆள் இருக்கிறது. முதல் நாள் கொஞ்சம் நின்றாள். அப்புறம் லாரிகள் போய் முடிகிற வரைக்கும் நின்றாள். அதற்கப்புறம் தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்தே விட்டாள். அனுமதி இப்போதைக்கு வராமல் இருந்தால் நல்லது என்று தோன்றியது. தோன்றியதற்கு வெட்கப்பட்டாள். ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் அவள் இறங்கி வந்தபோது மாமியார் திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எங்க போயிருந்த?"

"துணி எடுக்கத்தான் அத்தை."

"கையில ஒண்ணுமில்லையே."

மாமியார் கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் சன்னல் பக்கம் ஓட்டினாள்.

"எதுத்த கட்டடத்துக் கண்ணாடியில நம்ம மொட்டை மாடி தெரியும். என் கட்டில்ல படுத்தா நல்லாவே தெரியும். இத்தன வருஷமா பாக்கிறேன். அது சுத்த ஆரம்பிச்சா நீ ஓடுவ. போயி சும்மா நிப்ப."

"ஏன் அத்தை ஒரு நாளும் கேக்கல?"

"என்னத்தக் கேக்கிறது? நிக்கிறதுக்குக்கூடவா கேள்வி? அவங்கிட்டயும் சொல்லல. சொன்னா மேல ஒரு நாற்காலி கொண்டுபோயிப் போட்டு, அங்கயும் ஒரு பல்பு மாட்டிருவான்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் போன் அடங்கிய குரலில் கூவியது. மேலிடத்து அனுமதி. இதை அழுத்தினால் பழைய முகம் போய்ப் புது முகம் ஏறும், ஒரு வாரத்துக்குள் அழுத்தாவிட்டால் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும் என்று போட்டிருந்தது.

மாமியார் எட்டிப் பார்த்தாள். படிக்கத் தெரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிட்டது. "வந்துருச்சா? வந்தா வரட்டும். ஒரு வாரம் நானே இருக்கேன். நீ போயிட்டு வா" என்றாள் வீம்பாக. சொல்லிவிட்டு, கால் மாற்றி வைக்கப் பார்த்தாள். முடியவில்லை. பாதம் வீங்கி, நாற்காலிக் கம்பி பதிந்த இடம் பள்ளமாகக் கிடந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்தாள். முகத்தை மட்டும் ஆட்டாமல் கேமராவுக்கு நேராகவே வைத்திருந்தாள். அதற்குள் அவளுக்கும் அது பழகியிருந்தது.

அந்தப் பழக்கத்தைத்தான் மருமகளால் பார்க்க முடியவில்லை. போனை எடுத்து அழுத்தினாள்.

"எந்திரிங்க அத்தை."

"நான்தான் இருக்கேன்னு சொல்றேன்ல!"

"எந்திரிங்க."

கைத்தாங்கலாக எழுப்பிக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு, நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். நாற்காலி சூடாக இருந்தது. நேராகப் பார்க்கச் சொன்னது, பார்த்தாள். இடப்பக்கம் திரும்பச் சொன்னது, திரும்பினாள். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கம்ப்யூட்டர் அவளை அவள்தான் என்று ஒப்புக்கொண்டது. அடுத்த பேச்சு கண்மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. யாரோ ஒருத்தி, போன் வேலை செய்யவில்லை என்று கத்த ஆரம்பித்தாள்.

பின்னால் கட்டில் கிரீச்சிட்டது. மாமியார் சுவரைப் பிடித்துப் பிடித்துச் சமையலறைக்குப் போனதும், பானை மூடி சத்தமிட்டதும் ஹெட்போனுக்கு வெளியே எங்கோ கேட்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட நடக்காத காரியம் ஒன்று நடந்தது: மாமியார் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவள் பக்கத்தில் நீட்டினாள்.

"இந்தா, குடி. தொண்ட காஞ்சு போயிருக்கும்."

அவளுக்கு நிஜமாகவே தாகம்தான். கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் மெதுவாகச் சொன்னாள்.

"வேணாம் அத்தை. தண்ணி குடிச்சா எந்திரிக்க வேண்டியிருக்கும்."

மாமியார் அந்தத் தண்ணீரைத் தானும் குடிக்காமல் திரும்பக் கொண்டுபோய்ப் பானையில் ஊற்றினாள்.